தோட்டத்தை விற்கும் தாம்பரம்

சித்திரை மாதத்துக் காலை ஐந்தரை மணி. கிழக்குத் தாம்பரத்தில், வேளச்சேரி சாலையிலிருந்து சேலையூர் பக்கம் பிரியும் உள்தெரு. வேப்பம்பூ வாசலெங்கும் உதிர்ந்து கிடக்கிறது. பூவைத் துடைப்பத்தால் ஒதுக்கிவிட்டு, தண்ணீர் தெளித்து, புள்ளி வைக்கிறார்கள் பெண்கள். மதில் மேலிருந்து ஒரு செண்பகம் அடிக்குரலில் கூவுகிறது. பின்தெருவில் மாட்டுக்காரர் கறந்த பாலை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வருகிறார். சென்னைக் கடற்கரைக்குப் போகும் மின்ரயிலின் ஹாரன் இங்கே வரை கேட்கிறது. ரயிலேறினால் ஒரு மணி நேரத்தில் பாரிமுனை. ஆனால் இந்தத் தெருவில் நிற்பவருக்கு நகரம் வெகுதூரத்தில் இருப்பதாகத்தான் தோன்றும்.

ஆறு மணிக்கு எல்லாம் மாறுகிறது. 12,000 லிட்டர் தண்ணீர் லாரி பின்பக்கமாகத் தெருவுக்குள் நுழைகிறது. எதிர் மனையில் போர் போடும் வண்டி உறுமத் தொடங்க, சாம்பல் நிறக் கல்தூள் எழும்பி வேப்பிலைகளின் மேல் படிகிறது. சென்ற மாதம் வரை அந்த மனையில் தரைத்தளம் மட்டும் கொண்ட வீடு ஒன்று இருந்தது. பின்பக்கம் கிணறு, துவைக்கும் கல், ஒட்டுமா, இரண்டு தென்னை, கறிவேப்பிலை. இப்போது ஒரு தகர வேலியும், அதன் மேல் இரண்டு, மூன்று படுக்கையறை வீடுகளுக்கான விளம்பரப் பேனரும் இருக்கின்றன. அடுத்த மனைக்கும் பில்டர் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார்.

சேலையூர், மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம் என்று எந்தப் பக்கம் போனாலும் இன்று பேச்சு இதுதான். யார் பில்டரிடம் வீடு கொடுத்தார்கள், எத்தனை சதவீதப் பங்கு, யார் பில்டர். தெருவுக்குத் தெரு ஒரு பழைய வீடு இடிகிறது. வீட்டோடு சேர்ந்து போவதென்ன என்பதுதான் இந்தக் கட்டுரை.

காற்றுக்குப் பெயர்பெற்ற ஊர்

ஒருகாலத்தில் தாம்பரத்துக்கு ஆட்கள் வந்ததே காற்றுக்காகத்தான். 1928-இல் டாக்டர் டேவிட் சவரிமுத்து இங்கே காசநோயாளிகளுக்கான சானடோரியத்தைத் தொடங்கினார். காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. திறந்த வெளி, சுத்தமான காற்று, நல்ல உணவு, ஓய்வு ஆகியவையே சிகிச்சை. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர்கேஜ் பாதையில் மின்ரயில் ஓடியது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டு சேலையூர்க் காட்டை ஒட்டிய நிலத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ், தொழிலுக்கு வேதியியலும் மனசுக்குத் தாவரவியலுமாக வாழ்ந்தவர். அவரும் மனைவி ஆலிஸும் வளாகத்தின் செடிகொடிகளை அக்கறையோடு கவனித்து வளர்த்தார்கள். சுமார் 365 ஏக்கர் வளாகத்தில் இன்றும் நிற்கும் புதர்க்காடு, அப்படிச் சிலர் வெட்டாமல் காத்ததன் பயன்.

மற்ற இடமெல்லாம் வயலும் ஏரியும். மாடம்பாக்கத்துத் தேனுபுரீஸ்வரர் கோயில் சோழர் காலத்தது. யானை படுத்திருப்பதுபோன்ற தூங்கானை மாட விமானம் கொண்டது. அத்தகைய கற்கோயிலைக் கட்டிப் பராமரிக்கும் வளம் அந்த ஊருக்கு நெல்லிலிருந்து வந்தது. நெல்லுக்கு நீர் ஏரியிலிருந்து வந்தது.

பிறகு வயல்கள் மனைகளாயின. ரயில்வே, தபால்துறை, வங்கி, விமானப்படை ஊழியர்கள், ஆசிரியர்கள் ஆகியோர் வீட்டுக்கடன் வாங்கி, ஒரு கிரவுண்டு, ஒன்றரை கிரவுண்டு என்று வாங்கினார்கள். அப்போது குழாய் இல்லை. ஆகவே முதலில் கிணறு வெட்டினார்கள், பிறகு வீடு கட்டினார்கள். மீதி இடத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் நட்டார்கள். இன்று நாம் வியக்கும் நிழல், எந்தத் துறையும் திட்டமிட்டு வளர்த்ததல்ல. சம்பளக்காரக் குடும்பங்கள் கிணற்று நீரை வாளியில் சுமந்து ஊற்றி வளர்த்தது.

பெட்டிச்செய்தி: மாநகராட்சியான தாம்பரம்

தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் இணைந்தன. 70 வார்டுகள். முதல் தேர்தல் 2022 பிப்ரவரியில் நடந்தது. மாவட்டம் செங்கல்பட்டு, 2019-இல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டபின், வெளியூர் போக்குவரத்தின் கனம் கோயம்பேட்டிலிருந்து தாம்பரத்துக்குத் தெற்கே நகர்ந்துவிட்டது.

ஏன் இடிக்கிறார்கள்?

வீட்டை பில்டரிடம் கொடுப்பவரைப் பேராசைக்காரர் என்று சொல்லிவிடுவது எளிது, அநியாயமும்கூட. எழுபத்தைந்து வயதுத் தம்பதி, பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ. மழை வந்தால் தளம் ஒழுகுகிறது. தேங்காய் பறிக்க ஆள் கிடைப்பதில்லை. காய்ந்த மட்டை பக்கத்து வீட்டுக் கார் மேல் விழுந்தால் தகராறு. இரவில் தனியே இருக்கப் பயம். நிலத்தைக் கொடுத்து ஃபிளாட்டில் பங்கு வாங்கும் ஜாயின்ட் வென்ச்சர் போட்டால், அதே முகவரியில் லிஃப்ட் வைத்த கட்டடத்தில் தங்களுக்கு ஒரு வீடு, பிள்ளைக்கு ஒன்று, கையில் கொஞ்சம் பணம், வாசலில் வாட்ச்மேன். முதுமைக்கு வேறு எந்த ஏற்பாடும் செய்துதராத சமூகத்தில் இது நியாயமான முடிவு.

இன்னொரு காரணத்தை வெளியாட்கள் கவனிப்பதில்லை: ரோடு. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய தார் போட்டுப் போட்டு, பல தெருக்களில் சாலை வீட்டின் வாசற்படியைத் தாண்டிவிட்டது. கட்டியபோது தெருவை விட மூன்று படி உயரமாக இருந்த வீடு, இன்று தெருவை விட ஒரு படி தாழ்ந்து கிடக்கிறது. ஐப்பசி பிறந்தாலே தெருத் தண்ணீர் கூடத்துக்குள் வருகிறது. ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குபவர்கள் உண்டு. பெரும்பாலோர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு இடித்துக் கட்டுகிறார்கள். பழைய சாலையைச் சுரண்டிவிட்டே புதியதைப் போட வேண்டும் என்ற அரசு உத்தரவை ஒப்பந்ததாரர்கள் மதித்திருந்தால், இந்தத் தெருக்களில் பல வீடுகள் இன்றும் நின்றிருக்கும். இதை நான் உறுதியாகவே சொல்வேன்.

மூன்றாவது, விதி. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், உயரமில்லாக் கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீட்டை (மனைப்பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 1.5-லிருந்து 2 ஆக உயர்த்தின. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. முன்பு அதில் 3,600 சதுர அடி கட்டலாம், இப்போது 4,800. கூடுதலாகக் கிடைத்த அந்த 1,200 சதுர அடியில் ஒன்றரை ஃபிளாட் வரும். பில்டர் வாசலுக்கு வந்து பேசுவதன் பொருளாதாரம் இதுதான்.

ஒரு கிரவுண்டின் தண்ணீர்க் கணக்கு

ஒரு கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பார்க்கலாம். சென்னைப் பகுதியில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. ஒரு கிரவுண்டு மனையில் விழும் மழை சுமார் 3.1 லட்சம் லிட்டர். நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தேவை என்பது மத்திய அரசின் வழிகாட்டு நெறி. நான்கு பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு சுமார் 2 லட்சம் லிட்டர். அதாவது, பழைய வீட்டின் சொந்த மனையில் விழுந்த மழையில் பாதி மண்ணில் இறங்கினால், அதுவே தேவையின் பெரும்பகுதிக்கு ஈடாகும். அந்தக் கிணறுகள் கோடையில் அடி தெரிந்தாலும் முழுவதும் வற்றாமல் தாக்குப்பிடித்ததற்கு இது ஒரு காரணம்.

அதே மனையில் ஆறு ஃபிளாட், 24 பேர் என்று வையுங்கள். ஆண்டுத் தேவை சுமார் 11.8 லட்சம் லிட்டர். விழும் மழை மாறவில்லை, அதே 3.1 லட்சம்தான். அதையும் உள்ளே விடும் மண் இல்லை. தூண்களுக்கிடையே கார் நிறுத்தம், சுற்றிலும் மதில்வரை பேவர் பிளாக், கிணறு இருந்த இடத்தில் செப்டிக் டேங்க் அல்லது சம்ப். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். வரைபடத்தில் அது இருக்கும். பல கட்டடங்களில் அது தூர் எடுக்கப்படாத ஒரு குழிதான். குறைகிற தண்ணீர் எங்கிருந்து வரும்? லாரியில். லாரிக்கு எங்கிருந்து? இன்னும் தெற்கே, இன்னும் கிராமமாக இருக்கும் ஏதோ ஓர் ஊரின் வயல்கிணற்றிலிருந்து. நம் தெருவின் தாகத்தை அடுத்த ஊர் சுமக்கிறது.

நிலத்தடியின் அமைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம் எல்லாம் சார்னோக்கைட் என்ற கடும்பாறையின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. பல்லாவரத்துக் குன்றுகளின் கல்லை வைத்துத்தான் புவியியலாளர்கள் அந்தப் பாறை வகையை விவரித்தார்கள். கடற்கரையோரத் திருவான்மியூரின் மணலைப்போல இங்கே நிலம் நீரைத் தாராளமாகத் தேக்கி வைக்காது. மேலே சிதைந்து பொரிந்திருக்கும் பாறையடுக்கிலும், கீழே விரிசல்களிலும் மட்டுமே நீர் நிற்கும். மேலடுக்கு நீர் ஆண்டுதோறும் மழையால் நிறைவது. திறந்த கிணற்றுக்கு எட்டுவது. ஆழ்துளைக் கிணறு தொடுவது விரிசல் நீரை. அது நிறையக் காலம் பிடிக்கும். கிணற்றை மூடிவிட்டு எழுநூறு, எண்ணூறு அடிக்கு போர் இறக்குகிறவர், மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வைப்புநிதியை எடுத்துச் செலவழிக்கிறார்.

பெட்டிச்செய்தி: 2015 டிசம்பர் 1

சென்னையை மூழ்கடித்த அந்த நாளில், 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். அன்று ஒரு கிரவுண்டு மனையில் மட்டும் விழுந்த நீர் சுமார் 1.1 லட்சம் லிட்டர். மேற்கே அடையாற்றுப் படுகையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அடுத்த ஆண்டு டிசம்பர் 12-இல் வர்தா புயல். அதில் பெருமளவு சாய்ந்தவை அழகுக்காக நட்ட அயல்மரங்கள். வேரை ஆழமாக ஊன்றாதவை.

ஏரிக்குப் பின் ஏரி

செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்பார்கள். இங்கே எந்த ஏரியும் தனியே நிற்பதில்லை. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம் ஏரிகளின் மிகுநீர் செம்பாக்கம் ஏரிக்கு வரும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடையும். மேல் ஏரி கலங்கல் வழிந்தால் கீழ் ஏரி நிறையும். நீரை ஏரிக்கு ஏரி கைமாற்றும் இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் 2022-இல் ராம்சர் தகுதி பெற்ற பள்ளிக்கரணைக்கு இன்றும் அவர்களுடைய வாய்க்கால்களில்தான் நீர் வருகிறது.

வயல் போனதும் ஏரிக்கு ஆயக்கட்டு போயிற்று. மடையைத் திறக்கவும், வாய்க்காலைத் தூர்வாரவும் காரணம் உள்ள ஒரே மனிதர் விவசாயி. அவர் நிலத்தை விற்றுவிட்டுப் போனபின் ஏரியைக் கேட்க நாதியில்லை. வாய்க்கால் குறுகியது, சில இடங்களில் மனையாயிற்று. பாதாள சாக்கடை எட்டாத தெருக்களின் கழிவுநீர் மழைநீர் வடிகாலில் கலந்து ஏரிக்குள் இறங்கியது. ஆகாயத்தாமரை மூடியது. ஒரு வீடு ஆறு வீடாகும்போது இந்தக் கழிவும் ஆறு மடங்காகிறது. சாலையை அகலப்படுத்தவும் வீடுகளின் எண்ணிக்கையைக் கூட்டவும் கொடுத்த வேகத்தில் பாதியைச் சாக்கடைத் திட்டத்துக்குக் கொடுத்திருந்தால், ஏரிகள் இந்த நிலைக்கு வந்திருக்காது.

ஆனாலும் நம்பிக்கைக்கு இடமில்லாமல் போகவில்லை. சிட்லபாக்கத்தில் குடியிருப்போரே சேர்ந்து, விடுமுறை நாட்களில் ஏரிக்குள் இறங்கிக் குப்பை அள்ளினார்கள். மனு கொடுத்தார்கள், விடாமல் அலுவலகங்களுக்கு நடந்தார்கள். 2019-இல் அரசு 25 கோடி ரூபாயில் ஏரிச் சீரமைப்பை அறிவித்தது. செம்பாக்கம் ஏரியில் அரசோடு ஐஐடி சென்னையும் சூழலியல் அமைப்புகளும் சேர்ந்து, கழிவை வடிகட்டி ஏரிக்கு உயிர் கொடுக்கும் வேலையில் இறங்கின. தூர்வாரிய பரப்பில் நீர் நின்றதும் நாரையும் முக்குளிப்பானும் திரும்பி வருகின்றன. ஏரி பிழைத்தால் சுற்றுப்புறக் கிணறுகளின் நீர்மட்டமும் பிழைக்கும்.

எச்சரிக்கை ஒன்று. ஏரியைச் சீரமைப்பது என்றால் கரையைச் சுற்றி நடைபாதை, விளக்கு, செல்ஃபி எடுக்கும் இடம் என்று புரிந்துகொள்வது பெருகிவருகிறது. நடைபாதை வரட்டும், வயதானவர்கள் நடக்கட்டும். ஆனால் ஏரியின் உயிர் வரத்து வாய்க்காலில் இருக்கிறது. அதை மீட்காமல் கரையை மட்டும் அழகுபடுத்திய ஏரி, சாக்கடைக் குளமாகவே தொடரும்.

யாருடைய கிராமம்?

"கிராமம் மாதிரி இருக்கு" என்று புதிதாகக் குடிவருபவர்கள் மகிழ்ந்து சொல்லும் இந்த ஊர்களில் உண்மையான கிராமமும் இருக்கிறது. அம்மன் கோயில் தெரு, நத்தம் மனைகள், ஆடி மாதக் கூழ், சாலையில் படுத்திருக்கும் மாடு. வயலில் உழைத்தவர்களின் பிள்ளைகள் இன்று ஆட்டோ ஓட்டுகிறார்கள், கொத்து வேலை செய்கிறார்கள், பெண்கள் நான்கைந்து வீடுகளில் வேலை பார்க்கிறார்கள். தோட்டமுள்ள வீடு இடிந்து ஆறு ஃபிளாட் வந்தால் இவர்களில் சிலருக்கு வேலை கூடும் என்பது உண்மை. வாடகையும் சேர்ந்து கூடுகிறது. தெருவில் வேலை செய்பவர் கூடுவாஞ்சேரிக்கும் அதற்கு அப்பாலும் குடிபோய், விடியற்காலை ரயிலில் திரும்பி வருகிறார்.

ஆக்கிரமிப்பு அகற்றம் வரும்போதும் முதலில் புல்டோசர் பார்ப்பது ஏரிக்கரையில் பல காலமாகக் குடியிருக்கும் ஏழைகளின் வீட்டைத்தான். வாய்க்காலை அடைத்து எழுந்த கான்கிரீட் கட்டடங்களிடம் அதே வேகம் காட்டப்படுவதில்லை. ஏரியும் வேண்டும், அவர்களுக்கு ஊருக்குள்ளேயே மாற்று வீடும் வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றைக் காவு கொடுக்கும் பேச்சைக் குடியிருப்போர் சங்கங்கள் ஏற்கக் கூடாது.

சட்டம் காக்காத மரம்

தமிழ்நாட்டில் மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955-லேயே சட்டம் வந்துவிட்டது. சமவெளி நகரத்தில் தனியார் மனையில் நிற்கும் மரத்துக்கு அப்படி ஒரு தனிச்சட்டம் இல்லை. கர்நாடகத்தில் 1976-லிருந்து, டெல்லியில் 1994-லிருந்து சட்டம் இருக்கிறது. சொந்த மனையானாலும் மரம் வெட்ட அனுமதி கேட்க வேண்டும். இங்கே நாற்பது வயது மாமரத்தை ஒரு காலைப்பொழுதில் அறுத்துவிடலாம். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

திறந்தவெளி ஒதுக்கீட்டு விதி உண்டு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் 10 சதவீத இடத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு விட்டே ஆக வேண்டும். 3,000 சதுர மீட்டருக்குக் குறைந்த மனைக்கு அது பொருந்தாது. ஒரு கிரவுண்டு என்பது வெறும் 223 சதுர மீட்டர். ஆகவே தாம்பரத்தின் தோட்டங்கள் ஒவ்வொன்றாக, விதிக்கு உட்பட்டே மறைகின்றன. பத்து மனை சேர்ந்தால் ஒரு பூங்கா அளவு நிழல் போகிறது; எந்த அலுவலகத்துக் கோப்பிலும் அது இழப்பாகப் பதிவாவதில்லை.

சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026-ஐ இலக்காக வைத்து எழுதப்பட்டது. மூன்றாவது திட்டம் அடுத்த இருபது ஆண்டுகளுக்கானது. ஏரிகளின் நீர்வரத்துப் பகுதிக்குள் வரும் மனைகளில், மனையில் ஒரு பங்கை மண்ணாகவே விட வேண்டும் என்றும், பழைய கிணற்றை மூடக் கூடாது என்றும் அந்தத் திட்டத்தில் எழுத வேண்டும். மரத்தையும் கிணற்றையும் காப்பவருக்குச் சொத்துவரியில் சலுகை கொடுக்கலாம். தளப்பரப்பைக் கூட்டிக் கொடுக்கத் தெரிந்த அரசுக்கு இதைச் செய்யத் தெரியாதா என்ன?

அரசு எழுதும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டை பில்டரிடம் கொடுக்கப்போகும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சதவீதத்தையும் கார் நிறுத்தத்தையும் பேசி முடிக்கும் அதே மேசையில் இன்னும் மூன்று வரிகளை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். கிணறு மூடப்படாது, மொட்டைமாடித் தண்ணீர் முழுவதும் அதற்குள் போகும். பின்பக்க இடத்தில் பேவர் பிளாக் பதிக்கப்படாது. மதிலோரம் நிற்கும் வேம்போ மாவோ வெட்டப்படாது. வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், அதே மனையில் புங்கமோ பூவரசோ மகிழமோ இரண்டு நடப்படும். நிலம் உங்களுடையது. கையெழுத்துப் போடும்வரை உங்கள் சொல்லுக்குப் பலம் உண்டு. ஃபிளாட் வாங்க வருபவர்களும் முன்பணம் கொடுக்குமுன் இந்த மூன்றையும் பில்டரிடம் கேளுங்கள். சேர்ந்து கேட்டால் கிடைக்கும். தாமதிக்காமல் கேளுங்கள்.